ஈரடி வாகன விசாரம்

மிலிந்தன் என்னும் யவன அரசன் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியைக் காணச் சென்றபோது, எதில் வந்தீர் என்று துறவி வினவ, ரதத்தில் வந்தேன் என்று அரசன் விடை பகர, அப்படியானால் அச்சுதான் ரதமா, சக்கரந்தான் ரதமா, நுகந்தான் ரதமா என்று அங்கம் அங்கமாகக் கேட்டுக்கொண்டே போய், இவற்றுள் ஒன்றும் ரதம் அன்று எனில் நீர் எதில்தான் வந்தீர் என்று அரசனைத் திணற அடித்த வரலாற்றைப் பாலி மொழியிலுள்ள ‘மிலிந்த பஞ்ஹா’ கூறுகிறது. அன்று தொட்டு இன்று வரை தார்க்கிகர்களும் வேதாந்திகளும் இந்த வினாவை ஏட்டோடு ஏட்டை உரசியே விசாரித்து வந்திருக்கிறார்களேயன்றி, அவர்களுள் ஒருவரேனும் பரமத்தி வேலூரில் பழைய மொபெட் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கி, பழுது பார்த்து, தம் இஷ்டம் போல் மாற்றி அமைக்கவும் துணிந்து, அனுபவ வாயிலாக இப்பிரச்சினையை அணுகினார் என்பதற்குச் சான்று இல்லை. அக்குறையை நிவர்த்திப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். ஆராய்ச்சியாளன் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன். இயந்திர சாஸ்திரத்தில் அவனுக்கு இருந்த பூர்வ ஞானம், சைக்கிள் செயின் கழன்றால் அதை மாட்டத் தெரிந்தவர் யார் என்று அறிந்திருந்த அளவினது.

ஆராய்ச்சிக் களத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பரமத்தி என்பது ஓர் ஊர், வேலூர் என்பது மற்றோர் ஊர். வடக்கே கோட்டையும் சிறைச்சாலையும் உடைய இன்னொரு வேலூர் பிரசித்தமாக இருப்பதால், காவிரிக் கரையிலுள்ள இந்த வேலூர் பக்கத்து ஊரின் பெயரை முன்னால் பூட்டிக்கொண்டு நடமாடுகிறது. ஓர் ஊரின் பாகத்தை மற்றோர் ஊருக்கு மாட்டி ஓட்டும் வழக்கம் பெயரிலேயே ஊறிக் கிடக்கும் பிரதேசத்தில், ஒரு வண்டியின் பாகத்தை மற்றொரு வண்டிக்கு மாட்டி ஓட்டுவதை யாரும் விபரீதமாகக் கருதுவதில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரிந்து வரும் ராஜவாய்க்கால் பாயும் பூமி ஆதலால், வாழையும் வெற்றிலையும் கரும்பும் தென்னையும் இங்கே செழித்து வளர்கின்றன. ஆனால் விளைந்த இடத்திலேயே விலை போகாமல், சந்தைக்கும் ஏலக் களத்துக்கும் போய்த்தான் விலை போகும் பிடிவாதமும் அவற்றுக்கு உண்டு. தோட்டத்து வரப்பில் லாரி நுழையாது. மாட்டு வண்டி ஏலம் முடிந்த பிறகே போய்ச் சேரும். மனிதனுடைய தோளோ நாற்பது வயதைக் கடந்ததும் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிடுகிறது. இம்மூன்றுக்கும் இடையே கிடந்த வெற்றிடத்தில் அவதரித்ததே மொபெட்.

‘மொபெட்’ என்ற சொல், மோட்டார் என்பதன் தலையையும் பெடல் என்பதன் தலையையும் கொய்து ஒட்டியது. ஸ்வீடன் தேசத்தில் 1952-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தது. இரு சக்கர வாகனங்களுக்குப் பெயரிடுவதில் தேசத்துக்குத் தேசம் ஒவ்வொரு விதமான கவிதா ஈடுபாடு காணப்படுகிறது. இத்தாலியில் விமான வேலை பார்த்து வந்த கொர்ராடினோ தஸ்கானியோ என்ற நிபுணர் 1946-இல் வகுத்த ஸ்கூட்டருக்குக் குளவி என்று பொருள்படும் ‘வெஸ்பா’ என்ற பெயர் அமைந்தது. மறு ஆண்டே போட்டிக்கு வந்த லாம்பிரெட்டாவோ, மிலான் நகரத்து லாம்பிராத்தே என்ற பேட்டையின் பெயரைத் தரித்தது. நம் தேசத்தில் பஜாஜ் கம்பெனியார் 1972-இல் வெளியிட்ட ஸ்கூட்டருக்கு ராணா பிரதாபனின் குதிரையாகிய சேத்தக்கின் நாமத்தைச் சூட்டினார்கள். அதே ஆண்டில் பிறந்த மொபெட் ஒன்று, சந்திரனின் லத்தீன் பெயரால் ‘லூனா’ ஆயிற்று. குளவி, குதிரை, சந்திரன் என்று உலகம் உவமை தேடி அலைந்துகொண்டிருக்கையில், 1980-இல் ஓசூரில் புறப்பட்ட வண்டி மட்டும் எவ்வித அலங்காரமும் வேண்டாது ‘50’ என்ற எண்ணையே பெயராகக் கொண்டு வந்தது. அந்த எண் இன்ஜினின் கொள்ளளவைக் குறிப்பது. ஆகவே ‘பிப்டி’ என்பது முகத்தலளவை ஆகுபெயர் என்று கொள்க. கணக்கை முதலிலும் கவிதையைக் கடைசியிலும் பார்க்கும் எங்கள் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான நாமகரணம் வாய்த்திராது.

ஓசூர் 1965-இல் தர்மபுரி ஜில்லா பிரியும் வரை சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. வேலூரும் 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நாமக்கல் ஜில்லா தோன்றும் வரை சேலம் ஜில்லாவே. எனவே வண்டியும் ஊரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது என் துணிபு. வண்டி பிறந்தபோது ஓசூர் சேலத்தை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்ததே என்று ஆட்சேபிப்பவர்கள், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் பிறந்த வீடு இல்லையென்று ஆகிவிடுமா என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இருவர் அமர்ந்து செல்லும்படி இந்தியாவில் அமைந்த முதல் மொபெட் என்பது அவ்வண்டிக்கு உள்ள பெருமை. அந்த இரண்டாவது ஆசனத்தில் அமரப் போகிறவள் இல்லாள் என்று அமைத்தவர்கள் எண்ணியிருக்கக் கூடும். வேலூரில் அந்த உரிமையை வாழைத்தார் கைப்பற்றிக்கொண்டது. இன்று இங்கே பெடல் வைத்த எந்த வண்டியும், அது எங்கே எவர் செய்ததாயினும், ‘டிவிஎஸ் பிப்டி’ என்றே வழங்கப்படுகிறது. நான் வாங்கிய வண்டியின் டாங்கியில் பெயர் எழுதியிருந்த இடத்தைக் கயிறு உராய்ந்து உராய்ந்து வெறும் தகடாக்கியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் அதன் பெற்றோர் யார் என்பது தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் இங்கே வெளியிடேன். முப்பது வருஷம் வெற்றிலை சுமந்த பின் எழும் முனகலுக்குப் பெற்றவர்களைச் சந்திக்கு இழுப்பது முறையன்று.

இனி இயந்திர தத்துவம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலோ கீழோ ஒரு முறை போவதற்கு ஸ்ட்ரோக் என்று பெயர். உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றுதல் என்னும் நான்கு கிருத்தியங்களை நான்கு போக்கில் ஆற அமரச் செய்து முடிக்கும் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக். அதே நான்கையும் இரண்டே போக்கில் அடக்கி விடுவது டூ ஸ்ட்ரோக். பின்னதற்கு டுகால்டு கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1881-இல் காப்புரிமை பெற்றார். ஜோசப் டே என்பவரின் வழிவந்த அமைப்பில் வால்வுகளும் நீங்கி, வாயிலைத் திறந்து மூடும் உத்தியோகத்தையும் பிஸ்டனே கூடுதல் சம்பளமின்றிப் பார்த்துக்கொள்ளலாயிற்று. ஆகவே முன்னதை நாலடி என்றும் பின்னதை ஈரடி என்றும் தமிழ்ப்படுத்துவதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இராது. இதிலிருந்து, திருவள்ளுவர் டூ ஸ்ட்ரோக் கட்சியினர் என்பதும், நாலடியார் பாடிய சமண முனிவர்கள் ஃபோர் ஸ்ட்ரோக் கட்சியினர் என்பதும் தாமே பெறப்படும். சுருங்கிய உருவம், திருகியவுடன் எழும் வேகம், அதிகப் பாரத்துக்கும் அஞ்சாமை என்பவை ஈரடியின் குணங்கள். குறளுக்குப் பின்னால் பதின்மர் உரை வந்தது போல ஈரடி இன்ஜினுக்குப் பின்னால் புகை வருகிறது. இரண்டிலும் முன்னே போகிறவருக்கு அதனால் சங்கடம் இல்லை. ஓசூர் ஆலையார் 2015-இல் 100 சி.சி.க்குச் சற்றே குறைந்த நாலடி இன்ஜின் வைத்த ‘எக்ஸெல் 100’ என்ற வண்டியைக் கொணர்ந்தார்கள். 2020-இல் புகைக்குரிய விதிகள் மேலும் இறுகியபோது கார்புரேட்டரும் விடைபெற்றுக்கொண்டு, பெட்ரோலை அளந்து ஊட்டும் வேலை மின்னணுப் பெட்டிக்குச் சென்றது. நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி என்பது பழமொழி. என் சட்டைப் பையில் இருந்த தொகையை எண்ணிப் பார்த்து, எனக்கு இரண்டே உறுதி என்று தீர்மானித்தேன்.

வண்டி வாங்குவதற்கு இங்கே தனி சாஸ்திரம் கிடையாது. மாடு வாங்கும் சாஸ்திரமே நீண்டுகொண்டு வந்து வண்டியையும் தழுவிக்கொண்டது. மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல வண்டிக்கு டாங்கியின் அடியிலும் மட்கார்டின் உள்வளைவிலும் துருச் சுழி பார்க்க வேண்டும். மாட்டை நடக்க விட்டுப் பார்ப்பது போல வண்டியையும் தள்ளி நடத்திப் பார்க்க வேண்டும். பல் பிடித்துப் பார்ப்பது மட்டும் மொபெட்டுக்குப் பொருந்தாது என்று முதலில் எண்ணினேன். அது என் அறியாமை. செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டுக்குப் பல் உண்டு. புதிய பல் முனை மழுங்கிச் சீராக நிற்கும். தேய்ந்த பல்லோ கொக்கி போல ஒரு பக்கம் வளைந்து கூராகும். ஆறு பல் போட்ட மாட்டை நாலு பல் என்று விற்பவர் உண்டு. ஆனால் ஸ்பிராக்கெட்டின் பல் பொய் சொல்லாது. இந்த அரிய சூத்திரத்தை வண்டி வாங்கிய பதினோராம் நாள் அறிந்தேன்.

பழைய வண்டி விற்கும் கடைக்கு எங்கள் பக்கத்தில் ‘கன்சல்டிங்’ என்று பெயர். அங்கே யார் யாரிடம் ஆலோசனை பெறுகிறார்கள் என்பது கடைசி வரை தெளிவாவதில்லை. நான் சென்ற கடையின் அதிபர் மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று, மூலையில் இருந்த வண்டியைக் காட்டினார்.

“ஏனுங்க வாத்தியாரையா, இன்ஜின்ல கையே வெக்காத வண்டிங்க இது. ஒரே கை. பேப்பரெல்லாம் சுத்தமுங்க. மிதிச்சீங்கன்னா குதிரையாட்டம் கிளம்புமுங்க.”

நான் இன்ஜின் மேல் கை வைத்தேன். சுட்டது. காலை ஏழரை மணிக்கு, நடமாட்டமின்றி மூலையில் நின்றிருந்த ஒரு வண்டியின் இன்ஜின் ஏன் சுட வேண்டும் என்று அனுமானித்திருக்க வேண்டியவன், கையே வைக்காத இன்ஜினில் கை வைத்தால் சுடும் போலும் என்று மனத்துக்குள் சமாதானம் செய்துகொண்டேன். விடியற்குளிரில் ஓர் ஈரடி இன்ஜின் எத்தனை மிதிக்குப் பின் உயிர் பெறுகிறது என்பதே அதன் ஆரோக்கியத்துக்கு உரைகல் என்பதையும், வாங்க வருபவன் வரும் முன்பே வண்டியைக் கால் மணி நேரம் ஓட விட்டு வைத்தால் அந்த உரைகல் உடைந்துபோகும் என்பதையும் பின்னர் கேள்வியுற்றேன். பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்று தர்க்க நூலார் பிரமாணங்களை வகுப்பார்கள். சப்தம் என்பதற்கு நம்பத்தக்கவரின் வாக்கு என்று அவர்கள் பொருள் சொல்ல, மெக்கானிக்குகளோ அதற்கு இன்ஜின் போடும் சத்தம் என்று பொருள் கொள்கிறார்கள். வண்டி விஷயத்தில் பின்னவர்களின் வியாக்கியானமே ஏற்புடைத்து. எட்டாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு ஆறாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது வண்டி இடப் பக்கமாகச் சிறிது சாய்ந்து நடப்பது போல் தோன்றிற்று.

“சைடு ஸ்டாண்டு போட்டே நின்ன பழக்கமுங்க” என்றார் கடைக்காரர். பழக்கம் என்று சொல்லிவிட்ட பிறகு ஆராய என்ன இருக்கிறது?

வண்டியின் ஆத்மா எங்கே இருக்கிறது என்ற வினாவுக்குச் சர்க்கார் தெளிவான விடை வைத்திருக்கிறது. இன்ஜின் நம்பர் ஒன்று, சேஸிஸ் நம்பர் ஒன்று, இவ்விரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே இரும்பிலும் இருந்தால் அது வண்டி, இல்லையேல் அது வழக்கு. ஆகையால் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதற் காரியம், புத்தகத்தையும் இரும்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் அதைப் பணம் கொடுத்த பின் செய்தேன். எண் வெட்டியிருந்த இடத்தில் கிரீஸும் செம்மண்ணும் கலந்து ஒரு புராதன மேடாகப் படிந்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் நீவி, கல்வெட்டுக்குப் படி எடுப்பவர்களைப் போலவே ஒரு படி எடுத்தேன். நல்வினைப் பயனாக எல்லா எழுத்தும் பொருந்தின. பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கு 29-ஆம் படிவமும் 30-ஆம் படிவமும் உண்டு. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டுகிறவர் பிறர் வீட்டில் குடியிருப்பவரை ஒப்பர். விபத்து நேர்ந்தால் வீட்டுக்காரரைத் தேடிப் போலீஸ் போகும்.

பழுது பார்க்கும் காண்டம் நீண்டது. வேப்ப மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். ஆகுபெயருக்கு உதாரணம் சொல்லத் தெரியாமல் ஒரு பீரியட் முழுதும் பெஞ்சின் மேல் நின்றவர். என் வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்துவிட்டு, கையாளிடம், “டேய், அந்தப் பத்துப் பன்னெண்டை எடு” என்றார். பத்து மில்லிமீட்டரும் பன்னிரண்டு மில்லிமீட்டரும் இரு முனைகளிலும் வாய் உடைய ஸ்பேனர் வந்தது. நீட்டலளவை ஆகுபெயருக்கு அதைவிடச் சிறந்த உதாரணத்தை எந்த இலக்கண நூலிலும் நான் கண்டதில்லை. அவரைப் பெஞ்சின் மேல் ஏற்றியது குறித்து முதன்முறையாக வருந்தினேன்.

“தம்பி, வண்டி எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

“பிளக்கைக் கழட்டிப் பார்த்துட்டுச் சொல்றனுங்க ஐயா. வாய் பேசாததை பிளக்கு பேசுமுங்க.”

பிளக் என்பது மொபெட்டின் நாடி. கழற்றிப் பார்க்கையில் அதன் முனை காப்பிப் பொடி நிறமாக இருந்தால் தேக சுகம். வெளுத்திருந்தால் உள்ளே உஷ்ணம் மிகுந்து பெட்ரோல் போதாமை. கறுத்து எண்ணெய் வடிந்தால் ஊட்டம் மிகுந்து ஜீரணமாகாமை. என்னுடையது, அடுப்புக்கரியில் தோய்த்த வேப்பங்குச்சி போல இருந்தது. சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காட்டியபோது முப்பதாண்டுக் கரி அதிலிருந்து சிவந்து உதிர்ந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தன. வேகம் ஏற ஏறத் தாமே விரிந்து சக்கரத்தோடு இன்ஜினைப் பிணைக்கும் கிளட்ச் ஷூக்கள், விரிந்தும் பிடிக்கத் திராணியற்றிருந்தன. கியர் இல்லாத வண்டியில் எல்லாப் பாரமும் இந்த இரண்டு செருப்பின் மேல்தான் என்று அறிக. ஒன்றை மாற்றினால் அதன் புதுமையைத் தாங்க மாட்டாமல் பக்கத்துப் பாகம் பழுதாகும். அதை மாற்றினால் அதற்கும் அடுத்தது. புது மருமகள் வந்த வீட்டில் நடப்பதும் இதுவே என்று மெக்கானிக் தம் அபிப்பிராயத்தைக் கூறினார். நான் அதை இல்லத்தில் எடுத்துரைக்கவில்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நாலடி இன்ஜினுக்கு உள்ளேயே எண்ணெய்க் குளம் உண்டு. ஈரடிக்கு அது இல்லையாதலால், குடிக்கும் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து கொடுத்தாக வேண்டும். லிட்டருக்கு இருபது மில்லி என்பது பொதுக் கணக்கு. குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொண்டு நின்றுவிடும். இந்தப் பயத்தை மெக்கானிக் என் உள்ளத்தில் ஆழப் பதித்துவிட்டபடியால், நெய் கூடினால் பொங்கல் கெடாது என்ற நியாயத்தை அனுசரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நான்கு மடங்கு ஊற்றிக் குலுக்கினேன். பரமத்தி ரோட்டில் வண்டியைச் செலுத்தியபோது பின்னால் குழந்தைகளின் ஆரவாரம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், வெண்மேகத்துக்கு நடுவே பதினைந்து சிறுவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கொசு மருந்து அடிக்கும் வண்டி வந்துவிட்டது என்று வழி நெடுக வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஒரு மூதாட்டி மட்டும் வண்டியை மறித்து, “எங்க சந்துக்குள்ளயும் ஒருக்கா வந்துட்டுப் போ சாமி” என்று கேட்டுக்கொண்டாள். மறுக்க மனம் வரவில்லை, போய்விட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் பிளக், கேபிள்கள், செயின், ஸ்பிராக்கெட் இரண்டு, பிஸ்டன் வளையங்கள், கிளட்ச் ஷூ, சைலன்சர், டயர் இரண்டு, டியூப் இரண்டு, ஹேண்டில்பார், ஹெட்லைட், ஹாரன், சீட் ஆகியவை புதியனவாயின. டாங்கியைப் பட்டி பார்த்துப் பச்சை நிறம் அடித்தாயிற்று. பழைய பாகங்களை எல்லாம் மெக்கானிக் ஒரு சாக்கில் கட்டி, உங்கள் பொருள் உங்களுக்கே என்று நேர்மையோடு என்னிடம் ஒப்படைத்தார். பட்டறை வாசலில் ஒரு பக்கம் வண்டியும் மறு பக்கம் சாக்கும் இருக்க, நடுவே நின்றுகொண்டு நாகசேனரை நினைத்தேன். நான் ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியது எது? கடைக்காரர் குதிரை என்று புகழ்ந்தது எதை? தர்க்கப்படி பார்த்தால் சாக்குதான் என் வண்டி. நிற்பது நான் இடையில் வேறு எங்கோ வாங்கிய ஒன்று. இந்தச் சந்தேகத்தை மெக்கானிக்கிடம் வெளியிட்டபோது, சாக்கு கிலோக் கணக்கில் போகும், நிற்பது ஆர்.சி. கணக்கில் போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். சேஸிஸ் மட்டும் இடப் பக்கம் லேசாக வளைந்திருப்பதாகவும், நிமிர்த்தினால் எண் வெட்டிய இடத்தில் விரிசல் விடக் கூடும் என்பதால் தொடவில்லை என்றும் சொன்னார். ஆத்மாவுக்குக் கூன் விழுந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்துவது அபாயகரம் என்பது எல்லாச் சமயத்தாருக்கும் உடன்பாடே.

எஞ்சியிருப்பது அலங்கார காண்டம். நாமக்கல் ஜில்லாவில் வண்டியை மாற்றி அமைப்பது புதிய வித்தையன்று. ஆலையிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரிக்குப் ‘பாடி கட்டுவது’ நாமக்கல்லின் குலத்தொழில். அதன் முதுகில் ஆழ்துளைக் கிணற்று ரிக்கை ஏற்றித் தேசமெங்கும் அனுப்புவது திருச்செங்கோட்டின் தொழில். அந்த மண்ணில் வாழ்கின்ற நான் ஒரு மொபெட்டை அழகுபடுத்த நினைத்தது மிகையாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆலையார் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. வெட்டுதலும் ஒட்டுதலும் அதன்படி விலக்கு என்பது தெளிவு. கட்டுதலும் தொங்கவிடுதலும் எந்தக் கணக்கு என்பதில் கொடிக்கால் உரையாசிரியர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். நானோ சாதுவான அலங்காரங்களோடு நின்றேன். பூப் போட்ட சீட் உறை, கைப்பிடியில் குஞ்சம், சக்கரக் கம்பிகளில் வண்ண மணிகள், பின் மட்கார்டில் ‘தமிழ் வாழ்க’ என்ற வாசகம். பத்து நாள் அது தேர் போல உலவியது.

பதினோராம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், “சந்தைப் பக்கந்தானுங்களே போறீங்க, இந்த ஒரு பூவந்தாரை மட்டும் எறக்கிட்டுப் போயிருங்களே” என்றார். மறுநாள் ரஸ்தாளி, பிறகு பச்சநாடான், வெள்ளிக்கிழமை ஒரு கற்பூரவள்ளி. குஞ்சம் முதலில் போயிற்று. தாரின் காம்பு உரசிப் பூப் போட்ட உறை கிழிந்தது; கிழிந்த இடத்தில் சாக்கு விரித்தேன். கட்டக் கயிறு வேண்டியிருந்தது. பழைய டியூபை நீளவாக்கில் அரிந்த ரப்பர்ப் பட்டைக்கு நிகரான கயிறு உலகில் இல்லை என்று அறிந்து அதையே ஹேண்டிலில் சுற்றி வைத்தேன். முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் ஒரு கேரியர், பக்கத்துக்கு ஒரு வளையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ‘தமிழ் வாழ்க’ என்பதில் முதற்சொல்லைக் கயிறு அழித்துவிட, வாழ்க என்பது மட்டும் எழுவாயின்றி நின்றது. வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு முப்பது கிலோச் சிப்பமாகப் போகும். வாழை தார்க் கணக்கு. வெற்றிலைக்கோ நூறு இலை கொண்டது கவுளி, 104 கவுளி கொண்டது ஒரு ‘சுமை’. பதினாயிரத்து நானூறு இலைகளைக் குறிக்கும் எண்ணுப் பெயராகவே சுமை என்ற சொல்லை ஆளும் ஊரில், வண்டியின் வடிவத்தை ஓட்டுபவன் நிச்சயிக்கிறான் என்று நான் நம்பியிருந்தது பெரும் பேதைமை. வேலூரில் எந்த மொபெட்டையும் பாருங்கள். எந்த நிறத்தில் புறப்பட்டிருந்தாலும், எவர் கையில் வளர்ந்தாலும், அதே சாக்கு, அதே டியூப், அதே கொக்கி. வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் சேர்ந்து கூடிப் பேசி வரைந்த உருவம் அது.

இதற்கிடையே தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது, தையற்காரர் நாடாவை இரண்டு முறை வைத்து அளந்துவிட்டு, “போன வருசத்துக்கு இப்ப வலத் தோளு அரை இஞ்சு எறங்கியிருக்குதுங்க” என்றார். வயது என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், ஏலக் களத்து வாசலில் தாரை இறக்கிவிட்டு நான் புறப்படும் சமயம், வெற்றிலைக் கட்டோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து, வண்டியின் முன்பாகத்தைத் தடவி, “இது எங்க வண்டிங்களே” என்றார்.

தர்க்கத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கப் போவதில்லை என்று கண்டு, இன்ஜினின் உள்ளுறுப்புகள் புதியவை, சைலன்சர் புதியது, சக்கரத்து ரப்பர் புதியது, டாங்கியின் நிறம் புதியது, ஹாரன் சத்தம் கூடப் புதியது, ஆகவே இதில் உங்களுடையதென்று அடையாளம் காணத் தக்கது எதுவும் இல்லையே என்று அங்கம் அங்கமாக எடுத்து விளக்கினேன். அவர் பொறுமையோடு கேட்டார்.

“அதெல்லாஞ் சரிங்க வாத்தியாரையா. நீங்க அந்த மொடக்குல திரும்பி வந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. எங்கண்ணனாட்டவே வலப் பக்கம் சாஞ்சு உக்காந்துட்டு வந்தீங்க. சைலன்சர் சூட்டுல வெத்தல வாடிப் போயிருமுன்னு முப்பது வருசமும் சொமைய எடப் பக்கமே கட்டுவாருங்க. அது இழுக்க, இவரு இந்தப் பக்கம் சாய. அவரு போயி நாலு வருசமாச்சுங்க.”

சொல்லிவிட்டு, என் உத்தரவை எதிர்பாராமலே, கையிலிருந்த கட்டை இடப் பக்கத்து வளையத்தில் மாட்டி, டியூப் பட்டையை ஹேண்டிலிலிருந்து தாமே உருவி இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“பாலம் வரைக்கும் போறீங்களா?” என்று கேட்டவாறே பின் சீட்டில் ஏறி அமர்ந்தார்.